நிறைகுடம் பறக்காது

“வலை இழுக்கிற வீட்டுப் பிள்ளை. உவவோ வானத்துக்கு ரொக்கெட் விடப்போறா?”

சொன்னவர் எங்கள் பாடசாலையின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். புகையிலைத் தோட்டக்காரர், கோயில் தர்மகர்த்தாவும் அவரே. என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அதிபருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். பெரிய மனிதர்களின் மரியாதை அப்படிப்பட்டது. ஆளை முன்னால் நிறுத்திவைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவரிடம் ஏசுவார்கள்.

அதிபர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரித்தது, தலைவர் எங்கள் பாடசாலைக்குக் கூரை போட்டுத் தந்தவர் என்பதற்காக. நான் சிரித்தது, அந்தக் கூரைக்குக் கீழே மாரியில் பாடம் நடத்துகிறவள் என்பதற்காக. அது என் மேசைக்கு நேர்மேலே ஒழுகும்.

பணி அனுபவங்களை ஓய்வுபெற்றவர்கள்தான் எழுதவேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. எனக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. இருந்தும் எழுதுகிறேன். புதிதாகக் கற்பிக்க வரும் தங்கைமாருக்கு எங்கள் பக்கத்தில் என்ன புத்திமதி சொல்லுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். “அதிபர் சொல்லுறதைக் கேளும். சேலையை வடிவாக் கட்டும். பிள்ளையளைச் சத்தம்போட விடாதேயும்.” இந்த மூன்றில் சேலை மட்டும்தான் உருப்படியான யோசனை.

என் வீட்டில் பாடசாலை வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஐயா கடலுக்குப் போகிறவர். அம்மா கருவாடு காயவைக்கிறவர். இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்துவதில்லை. கேட்பவர்கள்தான் எனக்காக வெட்கப்பட்டுத் தங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஒரு வகுப்பும் ஒரு நிபந்தனையும்

கடற்கரையில் இருந்து கரவெட்டிப் பக்கமாகச் சைக்கிள் உழக்கிப் போய்த்தான் படிப்பிக்கிறேன். நான் தொண்டர் ஆசிரியை. அதாவது, வேலை உண்டு, நியமனம் இல்லை. மூன்றாம் வகுப்பில் என்னிடம் வந்த பிள்ளைகளை நான்காம் வகுப்புக்கும் நானே கொண்டுபோனேன். ஐந்தாம் வகுப்புக்கும் கொண்டுபோகவேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

ஆனால் ஐந்தாம் வகுப்பு குணம் மாஸ்டருடைய சொத்து. அவர் வகுப்பில் கேள்வியைத் தருவார். விடை பின்னேரம் அவருடைய வீட்டு ரியூசனில் கிடைக்கும். ரியூசனுக்குப் போக வழியில்லாத பிள்ளைகள் கேள்வியோடு வீட்டுக்குப் போவார்கள். என்னுடைய வகுப்பில் அரைவாசிப் பேர் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். அவர்களை அந்த வாசலில் கொண்டுபோய் விட எனக்கு மனம் வரவில்லை.

அதிபரிடம் கேட்டேன். அவர் நேரே பதில் சொல்லமாட்டார். வேறொரு கேள்வியை எடுத்து வைப்பார்.

“கண்காட்சிக்குக் கல்வி அதிகாரி வாறார், தங்கச்சி. உம்முடைய வகுப்பு என்ன காட்டப்போகுது?”

“ரொக்கெட், சேர்.”

“என்ன?”

“தண்ணி ரொக்கெட். போத்திலுக்கை தண்ணியும் காத்தும்தான். வெடிமருந்தில்லை, நெருப்பில்லை.”

அதிபர் எழும்பி, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். போரினால் மின்சாரம் இல்லாமல் நாலாவது வருடம் அது. வானத்தில் ஏதும் இரைந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு, முற்றத்தில் வெட்டியிருந்த பதுங்குகுழியான பங்கருக்குள் ஓடுகிற காலம். பேச்சில் அந்தச் சொல் வந்தாலே ஒருதரம் மேலே பார்ப்பது எல்லாருக்கும் பழகியிருந்தது.

“அந்தச் சொல்லை வெளியிலை சொல்லிப்போடாதேயும். அழைப்பிதழிலை வேறை பேர் போடுவம்.”

போட்ட பேர் ‘நீர் விசை ஊர்தி’. வகுப்பில் வாசித்துக் காட்டினேன். கஜன் கையை உயர்த்தினான்.

“ரீச்சர், அப்ப நாங்கள் தண்ணி ஏத்துற பௌசரோ செய்யப்போறம்?”

அதிபரின் தமிழ் அவ்வளவுதான் பறந்தது.

அன்று நான் அறையை விட்டு வெளியேறும்போது அதிபர் நிபந்தனையையும் சொன்னார். “அதிகாரிக்கு முன்னாலை உது எழும்பினால் ஐந்தாம் வகுப்பை நீர் எடும். எழும்பாட்டில் குணம் மாஸ்டர்தான். பேந்து வந்து என்னோடை கதைக்கக்கூடாது.”

“ஓம் சேர்” என்றேன். அதிபரின் அறையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தலைவர், நான் மேலே முதலில் எழுதிய வாக்கியத்தை அப்போதுதான் சொன்னார்.

செருப்பு, சொலுசன், முருகன்

இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக விபரமாக எழுதுகிறேன்.

வேண்டிய முதல் பொருள் பிளாஸ்ரிக் சோடாப் போத்தல். கொழும்பிலிருந்து யாரும் வந்தால்தான் கிடைக்கும். வந்த போத்தல்கள் எல்லாம் வீடுகளில் மண்ணெண்ணெய் வாங்கப் போய்வந்துகொண்டிருந்தன. ஒரு போத்தலை வீட்டில் கேட்டு வாங்குவது, கறவை மாட்டைக் கேட்பதுபோல. சுபா என்ற பிள்ளை தன் தாயோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி ஒன்று கொண்டுவந்தாள். சாம்பலும் புளியும் போட்டுக் கழுவினோம். மணம் போகவில்லை. போகாவிட்டால் என்ன, குடிக்கவா போகிறோம்.

அடைப்பானுக்கு அறுந்த றப்பர் செருப்பு. வட்டம் வட்டமாக வெட்டி, சைக்கிள் ஒட்டுப்போடும் சொலுசன் பூசி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டவேண்டும். காய்ந்தபின் கண்ணாடித் துண்டால் சீவிப் போத்தல் வாய்க்கு இறுக்கமாக்கவேண்டும். நடுவில் சைக்கிள் கம்பியைச் சூடாக்கித் துளை போட்டு, பழைய ரியூபில் வெட்டியெடுத்த வால்வைச் செருகவேண்டும். அவ்வளவுதான். பம்பை வால்வில் பூட்டிக் காற்றடித்தால் காற்று போத்தலுக்குள் போகும். திரும்பி வராது; அமுக்கம் தாங்காமல் அடைப்பான் கழரும்போது போத்தல் எழும்பும்.

போத்தல் தலைகீழாக நிற்கவேண்டும். அதற்கு வேலிக் கதியாலில் வெட்டிய மூன்று தடிகளை நிலத்தில் நட்டோம். நேராகப் பறக்க மூன்று செட்டை. நாங்கள் தேடியதில் கெட்டியான மட்டை, போன வருடக் கலண்டர்தான். அதில் முருகன் இருந்தார்.

அடுத்த நாள் ஒரு தாய் பாடசாலைக்கு வந்துவிட்டார். “ரீச்சர், முருகனை மூண்டாய் வெட்டிப்போட்டியளாம்!”

“மயிலை மட்டும்தான் அம்மா வெட்டினது. அது பறக்கிற சாமான்தானே.”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, “அப்ப சரி” என்று போய்விட்டார். நான் பார்த்த பெரியவர்களில் காரணம் சொன்னால் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

கொப்பளிக்கிற போத்தல்

எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

“நிறைச்சு விடு” என்றான் கஜன். “வண்டிக்கு எண்ணெய் நிறைச்சால்தானே தூரம் போகும்.”

“விசரோ? நிறைச்சால் பாரமெல்லே” என்றாள் சுபா. “தண்ணியே வேண்டாம். காத்து மட்டும் அடி.”

எனக்கு விடை தெரியும். ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையில் படத்தைப் பார்த்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து வாசித்திருந்தேன். சொல்லவில்லை. குணம் மாஸ்டர் என்றால் “மூன்றில் ஒரு பங்கு” என்று கரும்பலகையில் எழுதி, பத்துத்தரம் எழுதவைத்திருப்பார். நான் பம்பைக் கொடுத்தேன்.

பங்கர் மேட்டுக்குப் பின்னால் நின்று பார்ப்பது விதி. பங்கருக்குள் ஓட அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் பழக்கவேண்டியதில்லை. வெளியில் நின்று, வானத்தைப் பார்த்து, கைதட்டத்தான் பழகவேண்டியிருந்தது.

முதலில் கஜனின் கட்சி. கழுத்துவரை நிறைத்தார்கள். பம்ப் உடனே இறுகிவிட்டது. இன்னும் ஒரு அமத்து அமத்தினான். அடைப்பான் கழன்றது. போத்தல் ஒரு சாண் துள்ளிச் சரிந்து, கடகடவென்று தண்ணீரைக் கக்கிக்கொண்டு கிடந்தது.

“வாய் கொப்பளிக்குது!” என்று சுபா கத்தினாள். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் அதற்கு அதுதான் பேர்.

பிறகு சுபாவின் கட்சி. வெறும் காற்று. ‘டப்’ என்றொரு சத்தம். கூரை உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. கஜன் உருண்டு உருண்டு சிரித்தான். பிறகு அரைவாசி விட்டார்கள்; கூரையைத் தாண்டியது. குறைத்துக் குறைத்து விட்டு, மூன்றில் ஒரு பங்குக்கு வந்தபோது அது முக்கால் பனை உயரத்துக்குப் போனது. எல்லாரையும் நனைத்துவிட்டுப் போனது. யாரும் கைதட்டவில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். பிறகுதான் கத்தத் தொடங்கினார்கள்.

“ஏன் நிறைச்சால் பறக்கேல்லை?” என்று கேட்டேன்.

கஜன்தான் சொன்னான். தோற்றவனுக்குத்தான் அது தெரியவேண்டிய அவசரம் இருந்தது. “காத்துக்கு இடமில்லை ரீச்சர். காத்தை நெரிச்சு அடைக்கவேணும். அது தண்ணியைத் தள்ளும். தண்ணி கீழை போகப் போத்தில் மேலை போகும்.”

அந்த மட்டத்தில் போத்தலைச் சுற்றி ஒரு கறுப்பு நூலைக் கட்டினோம்.

கண்காட்சி

அன்று காலையில் அதிபர் வந்து எங்கள் ரொக்கெட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “சோடாப் போத்தில் எண்டு தெரியுது. அதிகாரிக்கு முன்னாலை வடிவில்லை. கடதாசி சுத்தும்.” சிவப்பும் மஞ்சளுமாய்க் கடதாசி சுற்றினோம். நூலும் மறைந்தது, தண்ணீரும் மறைந்தது. அழகு என்றால் அவருக்கு ஒன்றை மூடிவைப்பது.

கிணறு பாடசாலைக்குப் பின்னால் தூரத்தில் இருந்தபடியால், பிள்ளைகள் நேரத்தோடேயே அளந்து தண்ணீர் விட்டு, அடைப்பானை இறுக்கி, வாசல் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே வாழையிலையில் நிறைகுடம், மாவிலை, தேங்காய், குத்துவிளக்கு எல்லாம் முறைப்படி இருந்தன. நிறைகுடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ரொக்கெட். நான் பம்பின் தோல் வாசருக்கு எண்ணெய் விட வகுப்புக்குப் போனேன்.

அதிகாரி சைக்கிளில் வந்து இறங்கினார். கார் வரும் என்று மாலையோடு வீதியைப் பார்த்துக்கொண்டு நின்ற தலைவருக்கு, ஆள் பக்கத்தில் வந்து நின்றபிறகுதான் தெரிந்தது. விளக்கேற்றினார்கள். தேவாரம் பாடினார்கள். தலைவர் பேசினார். பேசினார். பேசி முடித்தார். பிறகு அதிபர், “நீர் விசை ஊர்தியோடை தொடங்குவம்” என்றார்.

முற்றத்தில் மூன்று தடிகளுக்கு நடுவே சுபா போத்தலை நிறுத்தினாள். கஜன் பம்பைப் பூட்டினான். ஒரு அமத்து அமத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“ரீச்சர், இறுகுது.”

“வாசராயிருக்கும். அமத்து.”

“இல்லை ரீச்சர், முதல் அமத்திலையே இறுகுது.”

“அமத்தடா.”

பெரியவர்களின் கட்சியில் நான் சேர்ந்திருந்த ஒரேயொரு நிமிடம் அது. பலன் உடனே கிடைத்தது. அடைப்பான் கழன்றது. போத்தல் ஒரு சாண் துள்ளியது, முன்வரிசைப் பக்கம் சரிந்தது, அதிகாரியின் சப்பாத்துகளுக்கு மேலே கடகடவென்று கக்கியது.

முதலில் வாயைத் திறந்தவர் குணம் மாஸ்டர். “நான் அப்பவே சொன்னனான் சேர். ஆர்ட்ஸ் படிச்ச ஆக்களுக்கு உது சரிவராது.”

“வலை எறியிறது வேறை, உது வேறை” என்றார் தலைவர்.

அதிபர் குணம் மாஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஐந்தாம் வகுப்பு ஒரு கையிலிருந்து மற்றக் கைக்குப் போய்விட்டது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. என் பிள்ளைகள் கேள்வியோடு வீட்டுக்குப் போகும் பின்னேரங்கள் எனக்குக் கண்ணில் தெரிந்தன. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் என்ன பிழை நடந்தது என்று எனக்கே ஓடவில்லை.

பங்கர் மேட்டுப் பக்கமிருந்து சத்தம் வந்தது. என் வகுப்பு முழுதும் அங்கே நின்றது.

“கொப்பளிச்சிட்டுது! ஆரோ நிறைச்சுப்போட்டினம்! நிறைச்சுப்போட்டினம்!”

அதிகாரி சப்பாத்தை உதறிக்கொண்டு, “என்ன சொல்லுதுகள்?” என்று கேட்டார்.

சுபா நேரே அவருக்கு முன்னால் வந்து நின்றாள். “போத்திலை ஆரோ நிறைச்சுப்போட்டினம் சேர். நாங்கள் மூண்டிலை ஒரு பங்குதான் விட்டனாங்கள்.”

“நான்தான் நிறைப்பிச்சனான்” என்றார் தலைவர். குரலில் ஒரு துளி கூச்சம் இல்லை. “தூக்கிப் பாத்தால் அரைகுறையாக் கிடக்கு. நிறைகுடத்துக்குப் பக்கத்திலை குறைகுடம் வைக்கிறதோ? மங்கல காரியமெல்லே. ஆர் வீட்டிலை அப்பிடி வைப்பினம்?” பிறகு தன் கட்சிக்குச் சாட்சியும் சேர்த்தார். “தண்ணி கூடினால் விசை கூடும் எண்டு மாஸ்டரும் சொன்னவர். அவர்தான் செம்பிலை வாத்தவர்.”

குணம் மாஸ்டர் குத்துவிளக்குத் திரியைச் சரிசெய்யப் போனார். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஒன்பது வயதில் கஜன் விட்ட பிழையை, விஞ்ஞானம் படித்த மாஸ்டர் ஐம்பது வயதில் விட்டிருக்கிறார். வித்தியாசம், கஜன் அன்றைக்கே திருந்திவிட்டான்.

“நிறைச்சால் என்ன பிள்ளை?” என்று அதிகாரி கேட்டார்.

“தண்ணியைத் தள்ளுறது காத்து சேர். நிறைச்சால் காத்து எங்கை இருக்கிறது?”

“நானும் முதல் மாஸ்டரைப்போலைதான் நினைச்சனான் சேர்” என்று கஜன் பம்பைப் பிடித்தபடியே சொன்னான். “பேந்து விளங்கீட்டுது.”

அதிகாரி சிரித்தார். “சரி. இன்னொருக்கா விடுங்கோ. ஐயா, நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.”

சிவப்பும் மஞ்சளும் ஊறி வழிந்த கடதாசியை நான் உரித்தெறிந்தேன். சுபா ஓடிப்போய்க் கிணற்றில் அள்ளிவந்து, நூல் மட்டத்துக்கு விட்டு, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, கூடின கொஞ்சத்தை வெளியே ஊற்றினாள். எங்கள் சங்கத்தின் பெரிய மனிதர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு சிறுமி குறைகுடத்தைச் சரிபார்த்துத் தடிகளுக்கு நடுவே நிறுத்தினாள். கஜன் அடித்தான். இந்தமுறை பம்ப் மெதுவாக, ஒழுங்காக இறுகியது. நான் வாய் திறக்கவில்லை.

அது போன சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. கூரையைத் தாண்டியது, வேம்பைத் தாண்டியது, வெயிலில் தண்ணீர் வாலோடு பனைவட்டுப் பக்கம் போய், ஒருகணம் நின்று, வேலிக்கு அப்பால் தலைவரின் புகையிலைத் தோட்டத்துக்குள் விழுந்தது. எல்லாரும் மேலே பார்த்தார்கள். அந்த வானத்தைப் பார்த்து யாரும் ஓடவில்லை. தலைவரும் பார்த்தார். வாய் அகலத் திறந்திருந்தது. அங்கே காற்றுக்கு நிறைய இடம்.

பிறகு நடந்தவை

முடிவுரையில் அதிபர், “எங்கடை வழிகாட்டலிலை இந்தப் பிள்ளையள் சாதிச்சிருக்கினம்” என்றார். கடதாசி சுற்றிய வழிகாட்டலை அவர் குறிப்பிடவில்லை.

அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டார். “சரி தங்கச்சி, ஐந்தாம் வகுப்பை எடும். ஆனா…”

“சேர், எழும்பினால் எடும் எண்டுதான் சொன்னனீங்கள். எழும்பீட்டுது. ‘ஆனா’ எண்டு ஒண்டும் சொல்லேல்லை.”

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது அவருடைய முகத்தில்தான் இருந்தது.

இனி, கற்பிக்க வரும் தங்கைமாருக்கு நான் சொல்லக்கூடியது. சரியான முறையை முதலே சொல்லிக் கொடுக்கவேண்டாம். பிள்ளைகள் எல்லாப் பிழையையும் தாங்களே விட்டுப் பார்க்கட்டும். கண்காட்சி நாளில் பெரியவர்கள் எந்தப் பிழையைக் கொண்டுவருவார்கள் என்று உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. சரியான விடையை மட்டும் எழுதிப் படித்த பிள்ளைகளாயிருந்தால் அன்று மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வந்திராது. ரீச்சர் தோற்றுப்போனா என்று நினைத்துக்கொண்டு பேசாமல் நின்றிருப்பார்கள்.

இந்த வருடம் அவர்கள் என்னிடம் ஐந்தாம் வகுப்பு. கேள்வியும் விடையும் ஒரே வகுப்பில் கிடைக்கின்றன. குணம் மாஸ்டர் வீட்டு ரியூசன் வாங்குகளில் இப்போது பிள்ளைகள் தாராளமாகச் சாய்ந்து இருக்கலாம் என்று சொல்லுகிறார்கள்.

வருகிற வருடம் அவர்கள் ஆறாம் வகுப்புக்குப் போவார்கள். அங்கே விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லை. இருந்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டார். அந்தப் பாடத்தை எனக்குத் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதிபர் யோசிக்கிறாராம். தலைவரோடும் கதைக்கவேண்டுமாம்.

அவர்கள் ஆறுதலாக யோசிக்கட்டும். நேற்றுக் காலை ஆறாம் வகுப்பின் விஞ்ஞானப் பாடவேளை வழக்கம்போலச் சும்மா கிடந்தது. நான் உள்ளே போய், கரும்பலகையைத் துடைத்து, முதல் பாடத்தைத் தொடங்கிவிட்டேன்.